கோட் பாக்கெட்டுல ஒரு லிப்ஸ்டிக்: ஹோலோகாஸ்ட் படங்கள்ல 'உடந்தை'ங்கறது எப்படி வருது

ஒரு பொம்பள ரூம் கதவைச் சாத்திட்டு கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு ஃபர் கோட்டைப் போட்டுப் பாக்குறா. இப்படித் திரும்பிப் பாக்குறா, அப்படித் திரும்பிப் பாக்குறா, நாம துணிக்கடை ட்ரையல் ரூம்ல நிக்கிற மாதிரிதான். பாக்கெட்டுக்குள்ள கைய விட்டா ஒரு லிப்ஸ்டிக் கிடைக்குது, கோட்டுக்குச் சொந்தக்காரியோடது. அதை எடுத்து தன் உதட்டுல போட்டுப் பாக்குறா. சீன் அவ்வளவுதான்.

இது 2023ல வந்த 'த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படம், டைரக்டர் ஜோனதன் கிளேஸர். அந்தப் பொம்பள பேரு ஹெட்விக், புருஷன் ருடால்ஃப் ஹோஸ், ஆஷ்விட்ஸ் வதைமுகாமோட கமாண்டன்ட். ரெண்டு பேரும் நிஜமா வாழ்ந்தவங்க. அவங்க தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் முகாம். கோட்டைப் போட்டிருந்த பொண்ணு எங்க போனான்னு படம் சொல்லவே இல்ல, நமக்குத் தெரியும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இந்தப் படத்தை இருபது நிமிஷம் பாத்துட்டு நிறுத்திட்டான். "டேய் ஒண்ணுமே நடக்கலடா, செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க, புள்ளைங்க குளிக்குதுங்க, சாப்பிடுறாங்க, எப்படா கதை ஆரம்பிக்கும்"னு மெசேஜ் போட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஹோலோகாஸ்ட் படம்னா முள்கம்பி, கோடு போட்ட சட்டை, கத்துற ஆபீசர், அழுற வயலின் இதெல்லாம் வரும்னுதான் நம்ம மூளைக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எதிராவே சில டைரக்டர்கள் அறுபது எழுபது வருஷமா படம் எடுத்துட்டு இருக்காங்க. அந்தப் படங்களைப் பாக்கணும்னா ஒரு வார்த்தை புரிஞ்சா போதும், உடந்தை.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஹோலோகாஸ்ட்னா ரெண்டாம் உலகப் போர் நேரத்துல நாஜி ஜெர்மனியும் அதோட சேர்ந்தவங்களும் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்னது. ஆஷ்விட்ஸ்ல மட்டும் ஏறக்குறைய 11 லட்சம் பேர் செத்தாங்க, அதுல யூதர்கள் சுமார் 10 லட்சம். இவ்வளவு பேரை ஹிட்லரும் அவனைச் சுத்தி இருந்த பத்துப் பேரும் கொன்னுட முடியுமா? கண்டம் முழுக்க வீடு வீடா போய் லிஸ்ட் எடுக்கணும், லிஸ்ட்ட டைப் அடிக்கணும், ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும், ரயில் விடணும், காலியான வீட்டுச் சாவிய யாராவது வாங்கி வெக்கணும், அடுப்பு கட்டணும், அந்த அடுப்புக்கு பில் போடணும். ஆஷ்விட்ஸோட எரியூட்டும் உலைகளை எர்ஃபர்ட் ஊர்ல இருந்த டோஃப் அண்ட் சன்ஸ்ங்கற சாதாரண கம்பெனிதான் செஞ்சு குடுத்துச்சு. முதல்ல சொன்ன படத்துலயே டீசன்ட்டா டிரஸ் பண்ண ரெண்டு இன்ஜினியர்ங்க வந்து மேஜை மேல பிளானை விரிச்சு, ஒரு அறை எரியும்போது இன்னொண்ணு ஆறும், நிறுத்தாம ஓட்டலாம்னு விளக்குவாங்க பாருங்க, மாவு மில்லுக்கு மோட்டார் விக்க வந்தவங்க மாதிரியே இருக்கும்.

உடந்தைங்கற வார்த்தைய நாம பேப்பர்ல தினமும் பாக்குறோம், "கொலைக்கு உடந்தையாக இருந்த இருவர் கைது"ன்னு. அவன் வெட்டல, ஆனா வண்டி ஓட்டினான், இல்ல நகையை அடகு வெச்சுக் குடுத்தான். ரவுல் ஹில்பெர்க்னு ஒரு வரலாற்று ஆசிரியர், இந்த விஷயத்துல முதல் பெரிய ஆராய்ச்சி பண்ணவர்ல ஒருத்தர், ஆட்களை மூணாப் பிரிப்பாரு: செஞ்சவங்க, பாதிக்கப்பட்டவங்க, பாத்துட்டு நின்னவங்க. நல்ல படங்கள் எல்லாம் 'செஞ்சவன்'க்கும் 'பாத்துட்டு நின்னவன்'க்கும் நடுவுல இருக்கற எடத்துலதான் கேமராவ வெக்கும், ஏன்னா அங்க நிக்கிறவனுக்கு எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியாது. அந்த எடத்துல நம்பியார் மாதிரி கையைப் பிசைஞ்சுக்கிட்டு சிரிக்கிற ஆளு யாரும் கிடையாது. பெரும்பாலும் ஏதோ ஒரு சாமான்தான் இருக்கும். கோட்டு, கடை, டிக்கெட், தொப்பி, திரைச்சீலை. நான் இந்தப் படங்களைப் பாக்கும்போது யாரு எவ்வளவு வெறுக்குறான்னு பாக்குறதை விட்டுட்டு யார் கைக்கு என்ன வந்துச்சுன்னு பாக்க ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம்தான் நிறைய சீன் புரிஞ்சுது.

கடையில ஆரம்பிக்கலாம். 'த ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்', 1965, செக்கோஸ்லோவாக்கியா படம், யான் காடார், எல்மார் க்லோஸ்னு ரெண்டு டைரக்டர், வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் வாங்குச்சு. கதை நடக்குறது 1942, ஸ்லோவாக்கியால ஒரு சின்ன ஊர். (முடிவையும் சொல்லப் போறேன், பாக்கணும்னு இருக்கறவங்க அடுத்த மூணு பாராவைத் தாண்டிருங்க.)

டோனோன்னு ஒரு தச்சன். பெரிசா வேலை இல்ல, வீட்டுல பொண்டாட்டி தினமும் "உன் சகலையப் பாரு"ன்னு இடிக்கிறா. சகலை உள்ளூர் ஃபாசிஸ்ட் கட்சியில பெரிய ஆளு. ஒரு நாள் ராத்திரி அவன் சாராயமும் சாப்பாடுமா வந்து ஒரு பேப்பரைக் குடுக்குறான்: இனிமே மெயின் ரோட்டுல இருக்கற யூதக் கடைக்கு நீதான் 'ஆரிய மேனேஜர்'. இது டைரக்டருங்க கற்பனை இல்ல, அந்தக் காலத்துல ஐரோப்பால நாஜிங்க பிடியில இருந்த நாடுகள்லயும் அவங்களோட சேர்ந்த நாடுகள்லயும் சட்டப்படி நடந்தது, யூதர் தொழில எடுத்து யூதர் அல்லாதவங்க கையில குடுக்குறது, இதுக்கு ஆரியமயமாக்கல்னே பேரு. டோனோ காலைல போய்ப் பாத்தா கடையில ஒரு காது கேக்காத கிழவி, பேரு லௌட்மானோவா, விதவை. கடையில பட்டன், ரிப்பன், லேஸ், அவ்வளவுதான் சரக்கு. போண்டியான கடை. கிழவிக்கு இவன் பேசுறது விளங்கல, யாரோ தனக்கு உதவியா வேலைக்கு வந்திருக்கான்னு நெனச்சுக்குறா. அங்க இருக்கற யூதர்கள் கூடிப் பேசி டோனோகிட்ட சொல்றாங்க, நீ பாட்டுக்கு இரு, உனக்கு மாசாமாசம் சம்பளம் நாங்களே தர்றோம், நீ போனா உன்னவிட மோசமானவன் வருவான். இவனும் சரின்னுட்டு வீட்டுக்குப் போய் கடை லாபம்னு சொல்லிப் பொண்டாட்டி கையில காசு குடுக்குறான், அவ சிரிச்ச மூஞ்சியா இருக்கா.

இதுல விஷயம் என்னன்னா டோனோவ நமக்குப் புடிக்கும். கிழவியோட பழைய அலமாரிய ரிப்பேர் பண்ணித் தர்றான், அவ செத்துப்போன புருஷனோட சூட்டை எடுத்து இவனுக்குப் போட்டு அழகு பாக்குறா, ரெண்டு பேருக்கும் நடுவுல அம்மா புள்ள மாதிரி ஒரு பாசம். காமெடிப் படம் பாக்குற மாதிரியே ஒரு மணி நேரம் ஓடிடும். அப்புறம் ஒரு நாள் கடை ஜன்னலுக்கு வெளிய சதுக்கத்துல எல்லா யூதரையும் வரிசையா நிக்க வெச்சு பேர் கூப்பிடுறாங்க. கிழவி பேரு வரல. ஏதோ விட்டுப்போச்சு போல. டோனோ கடைக்குள்ள உக்காந்து குடிக்கிறான், ஒளிச்சு வெச்சுடலாமான்னு யோசிக்கிறான், அடுத்த நிமிஷமே மாட்டினா என் கதி என்னன்னு பயம் வருது, கிழவியத் தரதரன்னு வாசலுக்கு இழுக்குறான், அய்யோ வேண்டாம்னு திரும்ப உள்ள இழுக்குறான், அவகிட்ட கெஞ்சுறான், திட்டுறான், வெளிய பேர் கூப்பிடுறது கேட்டுட்டே இருக்கு. கடைசியில ஒரு ஆள் கடைப் பக்கம் வர்றதைப் பாத்து பதறிப்போய் அவளை அலமாரி அறைக்குள்ள புடிச்சுத் தள்ளிக் கதவைச் சாத்துறான். கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்தா கிழவி விழுந்து செத்துக் கிடக்கா. அவன் தூக்கு மாட்டிக்கிறான்.

கொன்னது யாரு? காப்பாத்தணும்னு நெனச்சவன்தான். ஆனா அந்தத் தள்ளலுக்கு மாசக்கணக்கா முன்னாடியே அவன் ஒரு கடையை ஓசியில வாங்கிக்கிட்டான், அன்னிக்கே விஷயம் ஆரம்பிச்சாச்சு. நிஜ ஸ்லோவாக்கியால 1942ல மட்டும் சுமார் 58,000 யூதர்களை ரயில் ஏத்தி அனுப்பினாங்க, அதுக்கு ஸ்லோவாக் அரசே ஜெர்மனிக்கு ஆளுக்கு 500 மார்க் ஃபீஸ் கட்டுச்சு. ஆமா, கொண்டு போறதுக்கு இவங்க காசு குடுத்தாங்க. அவங்க விட்டுட்டுப் போன சொத்து இங்க தங்கிடும்ல.

ரயில்னதும் 'ஷோவா' ஞாபகம் வருது. கிளாட் லான்ஸ்மன் எடுத்த பிரெஞ்சு டாகுமெண்டரி, 1985, ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடும். பழைய ஃபிலிம் துண்டு ஒண்ணுகூட அதுல கிடையாது, ஆளுங்க பேசுறதும் அந்த எடங்கள் இப்ப எப்படி இருக்குங்கறதும் மட்டும்தான். ஒரே மூச்சுல பாக்க முடியாது, நான் ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன். அதுல முன்னாடி சொன்ன ஹில்பெர்க் ஒரு தாளைக் கையில வெச்சுக்கிட்டு விளக்குவாரு. ஜெர்மன் ரயில்வே ஆர்டர் நம்பர் 587. எந்த ஸ்டேஷன்ல எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு ட்ரெப்ளிங்கா (போலந்துல இருந்த கொலை முகாம்) போய்ச் சேரணும், திரும்பி வரும்போது வண்டி காலி, அடுத்த ஸ்டேஷனுக்குப் போ, திரும்ப ட்ரெப்ளிங்கா, திரும்பக் காலி. கொலைங்கற வார்த்தையே அதுல இல்ல. 'ரகசியம்'னு முத்திரைகூட இல்ல, ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு.

அதைவிட இன்னொண்ணு சொல்லுவாரு, எனக்கு அதுக்கப்புறம் அன்னிக்குப் படத்தைத் தொடர முடியல. ரயில்வே இந்தப் பயணத்துக்கு சார்ஜ் பண்ணுச்சு. மூணாம் கிளாஸ் கட்டணம், கிலோமீட்டர் கணக்கு, பத்து வயசுக்குக் கீழ அரை டிக்கெட், நாலு வயசுக்குக் கீழ ஃப்ரீ. 400 பேருக்கு மேல இருந்தா குரூப் டிஸ்கவுண்ட். யூதர்களுக்கு ஒன்வே, காவலுக்குப் போறவங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட். டூரிஸ்டுங்களுக்கு டிக்கெட் போட்ட அதே டிராவல் ஏஜென்சிதான் பில்லும் பாத்துக்குச்சு, அந்தப் பணமும் யூதர்கள்கிட்ட புடுங்கின சொத்துலருந்தே போச்சு. அந்த அரை டிக்கெட்டைக் கணக்குப் போட்டு எழுதின கிளார்க் யாரையும் வெறுத்திருக்கணும்னு அவசியமே இல்ல பாருங்க. அதே படத்துல அந்த ரயில்களுக்கு டைம்டேபிள் போட்ட ஒரு அதிகாரியும் வருவாரு, நான் டெஸ்க்கை விட்டு நகரவே இல்ல, ஒரு வண்டியைக்கூடக் கண்ணால பாக்கலைம்பாரு. தப்பிக்கிறதுக்காக அவர் சொல்றாரு, ஆனா அது உண்மையாவும் இருக்கலாம், அதுதான் வயித்தைப் பிசையுது.

'ஷோவா'ல சர்ச் வாசல் சீன் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். போலந்துல கெல்ம்னோங்கற ஊர். அங்க இருந்த கொலைக்களத்துல சிக்கினவங்கள்ல உயிர் பிழைச்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒருத்தர் சிமோன் ஸ்ரெப்னிக். அப்ப அவருக்குப் பதிமூணு வயசு, நல்லாப் பாடுவாருன்னு காவலாளிங்க ஆத்துல படகுல கூட்டிட்டுப் போய்ப் பாட வெப்பாங்க, ஊர்க்காரங்க கரையில இருந்து கேட்டிருக்காங்க. பல வருஷம் கழிச்சு லான்ஸ்மன் அவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போறாரு. சர்ச் வாசல்ல ஊர் ஜனம் அவரைச் சுத்தி நின்னுக்குது, நிஜமாவே சந்தோஷம், இந்தப் பையனை எங்களுக்குத் தெரியும், நல்லாப் பாடுவான்னு. அவரும் சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு. லான்ஸ்மன் பொறுமையாக் கேட்டுக்கிட்டே போறாரு, பேச்சு மெதுவா யூதர்களோட பெட்டிக்கு வருது, பெட்டியில தங்கம் வெச்சிருந்தாங்கன்னு, அப்புறம் ஏன் அவங்களுக்கு இப்படி ஆச்சுன்னா யேசுவக் கொன்னதுக்குத்தான்னு ஒரு ஆள் முன்னாடி வந்து விளக்கம் குடுக்குறாரு. யாரும் யாரையும் அடிக்கல. நடுவுல நிக்கிற ஸ்ரெப்னிக் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவர் மூஞ்சியை மட்டும் பாருங்க, சிரிப்பு அப்படியே உறைஞ்சு போய் நிக்கும்.

இந்த மாதிரிப் படம் எடுத்தா சொந்த நாட்டுக்காரனே கோவப்படுவான், பிரான்ஸ்தான் அதுக்கு உதாரணம். அலன் ரெனே 1956ல 'நைட் அண்ட் ஃபாக்'னு அரை மணி நேர டாகுமெண்டரி எடுத்தாரு. அதுல பிரான்ஸ்ல இருந்த ஒரு முகாமோட ஃபோட்டோ, ஓரத்துல காவலுக்கு நிக்கிறவன் தலையில பிரெஞ்சு போலீஸ் தொப்பி. சென்சார் அந்தத் தொப்பியத்தான் புடிச்சுக்கிச்சு. பொணக்குவியல் படத்துல தங்கிடுச்சு, தொப்பி தங்கல. கடைசியில அந்த எடத்துல ஒரு உத்தரக்கட்டை மாதிரி வரைஞ்சு மறைச்சாங்க, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தொப்பி திரும்ப வந்துச்சு.

ஒரு தொப்பிக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? 1942 ஜூலை 16, 17ல, ஜெர்மன்காரன் பிடியில இருந்த பாரிஸ்லயும் சுத்துவட்டாரத்துலயும் சுமார் 13,000 யூதர்களைப் புடிச்சாங்க, அதுல 4,000க்கு மேல குழந்தைங்க, புடிச்சது ஜெர்மன்காரன் இல்ல, பிரெஞ்சு போலீஸ். போருக்கப்புறம் பிரான்ஸ் தனக்குச் சொல்லிக்கிட்ட கதை நாங்க எல்லாரும் எதிர்த்துப் போராடினோம்ங்கறது. மார்செல் ஓஃபுல்ஸ் 1969ல 'த சாரோ அண்ட் த பிட்டி'ன்னு நாலு மணி நேரத்துக்கு மேல ஒரு டாகுமெண்டரி எடுத்து க்ளெர்மோன் ஃபெரான் ஊர்க்காரங்களை உக்கார வெச்சுப் பேச விட்டு அந்தக் கதையப் போட்டு உடைச்சாரு, பிரெஞ்சு டிவி 1981 வரைக்கும் அதைக் காட்டல. அதுல ஒரு கடைக்காரர் வருவாரு. பேரு கேக்க யூதப் பேரு மாதிரி இருக்கும், அதனால அந்தக் காலத்துல "நான் யூதன் இல்ல"ன்னு லோக்கல் பேப்பர்ல விளம்பரம் குடுத்தவரு. அதை அவர் சாதாரணமா சொல்லுவாரு, வியாபாரம் நடக்கணுமேன்னு. அவர் யாருக்கும் கெடுதல் பண்ணல, தான் வேற அவங்க வேறன்னு காசு குடுத்து அச்சுல போட்டுக்கிட்டாரு, அவ்வளவுதான். பிரான்ஸ் ஜனாதிபதி ஒருத்தர், ழாக் ஷிராக், அரசோட பொறுப்பை வெளிப்படையா ஒத்துக்கிட்டது 1995லதான்.

இங்க ஒரு கேள்வி நியாயமா வரும். "உக்காந்து பேசுறது ஈஸி, மறுத்திருந்தா அவனையும் சுட்டிருப்பாங்கல்ல?" இதுக்கு ஒரே பதில் கிடையாது, ஆளைப் பொறுத்தது. போலந்துல யூதரை ஒளிச்சு வெச்சா மரண தண்டனைன்னு ஜெர்மன்காரன் சட்டமே போட்டிருந்தான், குடும்பத்தோட கொன்னிருக்காங்க. அங்க கதவைச் சாத்திக்கிட்டவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கொல்லப் போன ஜெர்மன் போலீஸ்காரங்க விஷயம் வேற. ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101, ஹாம்பர்க் பக்கத்து ஆளுங்க, நடுத்தர வயசு, குடும்பஸ்தனுங்க. 1942 ஜூலை 13 விடியக்காலை போலந்துல யூசெஃபூவ் கிராமத்து வாசல்ல அவங்க கமாண்டர் மேஜர் ட்ராப் கண்ணுல தண்ணியோட நின்னு, இந்த வேலை முடியாதுன்னு நெனைக்கிற வயசான ஆளுங்க விலகிக்கலாம்னு சொன்னாரு. சுமார் 500 பேருல அந்த எடத்துல முன்னாடி வந்தது ஒரு டஜன் பேரு. விலகினவங்களை யாரும் சுடல, ஜெயில்ல போடல. அன்னிக்கு அந்தக் கிராமத்துல கிட்டத்தட்ட 1,500 யூதர்களைச் சுட்டாங்க. கிறிஸ்டோஃபர் பிரௌனிங்னு ஒரு வரலாற்று ஆசிரியர் இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினதுக்கப்புறம் டாகுமெண்டரியும் வந்திருக்கு. பயத்தைவிடப் பெரிய காரணம் பக்கத்துல நிக்கிறவன் என்ன நெனப்பானோங்கற கூச்சம்னு அவர் சொல்றாரு, நாலு பேரு கோழைன்னு சொல்லிடுவானோன்னு.

சரி, இந்த விஷயத்துல சொதப்புற படம் எது? என் கருத்துல 'த பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்', 2008. நான் முதல்ல பாத்த ஹோலோகாஸ்ட் படம் அதுதான், கடைசியில தேம்பித் தேம்பி அழுதேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது, நான் அழுதது முகாம் கமாண்டரோட பையனுக்காக, அதுவும் அவன் தப்பா உள்ள போயிட்டானேன்னு. அப்ப மத்த புள்ளைங்க கரெக்டாப் போனாங்களா? அந்த வீட்டுப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது, அம்மாவுக்கும் பாதிப் படம் வரைக்கும் தெரியாது, ஜெர்மன் குடும்பம் முழுக்க அப்பாவி, அப்பா ஒருத்தர் மட்டும் கெட்டவர். நிஜத்துல ஆஷ்விட்ஸுக்கு வந்த யூதக் குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களை வந்த அன்னிக்கே கொன்னுட்டாங்க, முள்கம்பி ஓரமா உக்காந்து சினேகம் புடிக்க ஆள் இருந்திருக்காது. ஆஷ்விட்ஸ் மியூசியமே இந்தப் படத்துக்கு மூலமான நாவலைத் தவிர்க்கச் சொல்லியிருக்கு.

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டையும் இதே கூடையில போடுறவங்க உண்டு, யூதர்களைக் காப்பாத்தின நல்ல ஜெர்மன்காரன் ஒருத்தனைக் காட்டி நம்மள நிம்மதியா வீட்டுக்கு அனுப்புதுன்னு. பாதி ஒத்துக்குறேன். ஆனா முதல் ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பாருங்க. ஷிண்ட்லர் போருல காசு பாக்க வந்த ஆளு, யூதர்கள் நடத்திட்டிருந்து நொடிஞ்ச பாத்திரக் கம்பெனியை எடுத்துக்கிட்டு, சம்பளம் கம்மின்னு யூதர்களை வேலைக்கு வெக்கிறாரு. ஒரு யூதக் குடும்பத்தை ஃப்ளாட்டை விட்டுத் துரத்தினதும் அதே ஃப்ளாட்ல அவர் போய்க் கட்டில்ல சாய்ஞ்சு, இதைவிட நல்லா இருக்க முடியாதும்பாரு, கட் பண்ணா அந்தக் குடும்பம் கெட்டோல, அதாவது யூதர்களை அடைச்சு வெச்ச பகுதியில, நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. அப்ப அவரும் டோனோவும் ஒரே ஆளுதான். அப்புறம்தான் ரெண்டு பேரும் வேற வேற வழியில போறாங்க.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா, 'த ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' முதல்ல, அது கதையாவே இழுத்துட்டுப் போகும். அப்புறம் 'கான்ஸ்பிரஸி' (2001), 15 அதிகாரிங்க 1942 ஜனவரி 20 அன்னிக்கு பெர்லின் வான்ஸே மாளிகையில சாப்பாடு, ஒயின் எல்லாம் வெச்சு, யூதர்களை ஒழிக்கிறதை எப்படி நடத்துறதுன்னு மீட்டிங் போட்டது, கிட்டத்தட்ட மீட்டிங் நடந்த அளவு நேரம்தான் படமும். 'ஷோவா'வைத் துண்டு துண்டாப் பாருங்க. 'ஸோன்' கடைசியில, அதுவும் நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ஏன்னா அந்தப் படத்துல கொலை எல்லாம் காதுலதான் நடக்குது, தூரத்துல துப்பாக்கி, கத்தல், நிக்காம ஓடுற உலை இரைச்சல், கண்ணுக்கு ரோஜாச்செடி. அதுக்கு சவுண்டுக்கான ஆஸ்காரும் கிடைச்சுது. என் ஃப்ரெண்ட் லேப்டாப் ஸ்பீக்கர்ல பாத்திருக்கான், அப்புறம்தான் சொன்னான்.

அதுல ஹெட்விக்கோட அம்மா பொண்ணு வீட்டுக்கு வருவாங்க. தோட்டத்தைச் சுத்திப் பாத்து பெருமை தாங்கல. தான் முன்னாடி வீட்டுவேலை செஞ்ச யூத அம்மாவும் ஒருவேளை அந்தச் சுவருக்குள்ள இருப்பாங்களோன்னு பேச்சோட பேச்சா சொல்றாங்க. அந்தம்மா வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தப்ப திரைச்சீலையக் கேட்டாங்களாம், வேற யாரோ அதிகமாக் கேட்டு எடுத்துட்டாங்க, அதுதான் வருத்தம். ராத்திரி ஜன்னல்ல சிவப்பா வெளிச்சம், புகை. அவங்களுக்குத் தூக்கம் வரல, இருமல். காலைல பாத்தா படுக்கையில ஆள் இல்ல, ஒரு லெட்டர் வெச்சுட்டு யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டாங்க. லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு நமக்குக் காட்ட மாட்டாங்க. ஹெட்விக் படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டு டிஃபன் சாப்பிட உக்காருறா. வேலைக்காரப் பொண்ணு ஏதோ தப்பா வெச்சுட்டாங்கற மாதிரி எரிச்சலோட அவளைப் பாத்து, என் புருஷன்கிட்ட சொன்னா உன் சாம்பலை இந்த வயல் முழுக்கத் தூவிடுவாருன்னு சொல்லிட்டு, தட்டுல இருக்கறதைச் சாப்பிடுறா.